டீக்கார அக்காவைச் சந்தேகப்பட்டவர்கள்

அந்த யோசனை எனக்கு வந்த இடம் சிவகாசியில் ஒரு தியேட்டரின் வண்டி ஸ்டாண்டு. படம் விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்ததில் ஸ்கூட்டியை எடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் வண்டி சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தபடி மனைவியிடம் சொன்னார்:

“அந்த டாக்டர்தான் கொலகாரன்னு எனக்கு இன்டர்வெல்லயே தெரியும்.”

“இன்டர்வெல்ல நீங்க தூங்கிட்டு இருந்தீக. தோளத் தட்டி எழுப்புனது நானு.”

“கண்ண மூடிக்கிட்டு யோசிச்சேன்.”

“குறட்டை விட்டுக்கிட்டா?”

ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்குள் பளிச்சென்று ஒன்று எரிந்தது. படம் முடிந்த பிறகு கருத்துக் கேட்டால் எல்லோரும் புத்திசாலிதான். இடைவேளையிலேயே கேட்டுவிட்டால்?

அப்போது நானும் என் தோழியும் ஒரு சின்ன யூடியூப் சேனல் நடத்திக்கொண்டிருந்தோம். படம் பார்த்து வெளியே வருகிறவர்களிடம் நான் கேள்வி கேட்பேன், அவள் என் போனில் பிடிப்பாள். எங்கே கேட்டாலும் ஒரே பதில். ஃபர்ஸ்ட் ஆஃப் பரவாயில்லை, செகண்ட் ஆஃப் வேற லெவல், அந்த ட்விஸ்ட்டை நான் முன்னாடியே நினைத்தேன். இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பியதில்லை. நான் விருதுநகரில் வங்கித் தேர்வுக்குக் கோச்சிங் போகிற பெண். வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பொய் சொல்வது யார் என்று கேட்கிற கணக்குகளை நாள் முழுக்கப் போட்டுப் போட்டு, வீட்டில் அம்மா “சாப்பாடு ஆச்சு” என்றால்கூட அடுப்படியை எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆகியிருந்தேன்.

திட்டம் இதுதான். ட்விஸ்ட் நிறைந்த படமாக ஒன்று பார்க்க வேண்டும். இடைவேளையில் “யாரைச் சந்தேகப்படுறீங்க?” என்று கேட்க வேண்டும். படம் முடிந்ததும் அதே ஆளைப் பிடித்து, “அப்பவே தெரியுமா?” என்று கேட்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட வேண்டும்.

“ஆளுகள மாட்டிவிடுறதுக்குன்னே பொறந்திருக்கடி நீ,” என்றாள் தோழி. ஆனால் அவளுக்கும் பிடித்திருந்தது.

அவள் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனர். காலண்டர், பட்டாசுப் பெட்டி, சினிமா போஸ்டர் எல்லாம் அங்கே ஓடும். கல்யாணம் ஆகும்வரை அப்பாவின் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தால் போதும் என்று வீட்டில் சொன்னதை எதிர்த்து, சாப்பிடாமல் கொள்ளாமல் சண்டை போட்டு வாங்கிய வேலை அது. சேர்ந்த அன்றைக்கே முதலாளி ஒன்று சொல்லியிருந்தார்: “இங்கன பாக்குறது கேட்டுக்கு வெளிய போகக் கூடாதும்மா. போச்சுன்னா நீயும் கூடவே போக வேண்டியதுதான்.” அதை அவள் எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினாள் என்றால், “இப்ப என்ன போஸ்டர் ஓடுது?” என்று நான் எப்போது கேட்டாலும் “முருகன் காலண்டர்” என்பாள். சித்திரை மாதத்திலும் முருகன் காலண்டர்தான்.

ஒரு வங்கிக் கொள்ளைப் படம் வரப்போகிறது, ட்விஸ்ட்டுக்கு மேல் ட்விஸ்ட் என்று பேச்சு கிளம்பியது. தீபாவளிக்கு முந்தைய சீசன் நேரம். இதுதான் என்று நான் குதித்தேன். அவள் மட்டும் இழுத்தாள்.

“இந்தப் படம் வேண்டாமே. அடுத்த படத்துல ஆரம்பிப்போம்.”

“ஏன்?”

“வங்கிப் பரீட்சை எழுதப்போற பிள்ள கொள்ளைப் படம் பாத்தா நல்லாவா இருக்கும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என்னிடம் எதுவும் சும்மா போவதில்லை. மனதில் ஒரு ஓரமாக அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அவளை ஒரு நாள் லீவு போடவைத்து, முதல் நாள் காலைக் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது. முகமூடி போட்ட கும்பல் ஒன்று வங்கிக்குள் நுழைகிறது. உள்ளே மேனேஜர், கேஷியர், நகை மீட்க வந்த தம்பதி, பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து ஊற்றுகிற ஒரு அக்கா. வெளியே ஒரு இன்ஸ்பெக்டர். கும்பலின் தலைவன் உள்ளேதான் இருக்கிறான், பிணைக்கைதி மாதிரி நடிக்கிறான் என்று பாதியில் தெரிகிறது. யார் என்று தெரியாது. இடைவேளைக்குச் சற்று முன் டீக்கார அக்கா தப்பித்து ஓடப் பார்க்கிறார், சுடப்பட்டு விழுகிறார், பிளாஸ்க் படியில் உருண்டு வருகிறது. இடைவேளை.

நாங்கள் கீழ்த்தளத்து வராந்தாவுக்கு ஓடினோம். முதலில் வெடியைப் பற்றித்தான் பேச்சு. லாக்கர் கதவை வெடி வைத்துத் தகர்க்கிற காட்சி அது.

“வெடிச்சவுடனே தீப்பொறி மழ மாதிரி கொட்டுச்சே, அது புஸ்வாணப் பூச்சட்டிலே. லாக்கருக்கு எவன் பூச்சட்டி வைப்பான்?”

“ஏலே, உனக்குப் படம் எடுத்தா நீ பில்லும் கேப்ப.”

அச்சங்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்கா மட்டும், “வெடிக்கிற சீன் வந்தா நான் கண்ண மூடிக்கிருவேன், அது முடிஞ்சப்பறம் இவர் சொல்லுவாரு,” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கு ஊர் பட்டாசு ஆலை இருக்கிற எங்கள் பக்கத்தில் அதைக் கேட்க மாட்டார்கள்.

பிறகு என் கேள்வி. ஒருவர் மேனேஜர் என்றார். ஒருவர் இன்ஸ்பெக்டர் என்றார். கல்லூரிப் பையன் ஒருவன் கேமராவைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டு, “எனக்கு எல்லார் மேலயும் டவுட்டுங்க,” என்றான். எனக்கு ஒரே சந்தோசம். படம் முடிந்ததும் இவர்கள் எல்லோரும் மாட்டப்போகிறார்கள்.

அப்புறம் நாரணாபுரத்தில் லோடு ஏற்றுகிற அண்ணன் ஒருவர் வந்தார். காரச்சேவு மென்றுகொண்டே, யோசிக்காமல் சொன்னார்:

“அந்த டீ கொண்டாற அக்கா.”

“அவங்கதான் இப்ப செத்துப்போயிட்டாங்களே அண்ணே?”

“செத்தா எந்திரிக்க மாட்டாகளா?”

நகைச்சுவைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அடுத்து ஒரு அம்மா, பிள்ளைகளுக்குத் தீனி ஊட்டிக்கொண்டே, “டீக்காரிதான், வேற யாரு?” என்றார். அடுத்து ஒரு தாத்தா. அவரும் டீக்கார அக்கா. அவர் ஒரு படி மேலே போய், “கையில துப்பாக்கியோட நிப்பா பாருங்க,” என்றார்.

திரும்பித் தோழியைப் பார்த்தேன். போனைக் கீழே இறக்கிவிட்டாள். “சார்ஜ் போயிருச்சுடி,” என்றாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவள் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பையைத் திறந்தாள். போனின் திரை ஒளிர்ந்தது. சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு படத்தை நான் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். கடைசியில் செத்துப்போன டீக்கார அக்கா, பிணவறை வண்டியிலிருந்து எழுந்து, ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கும்பலுக்கே உத்தரவு போட ஆரம்பித்தபோது பால்கனியே விசில் அடித்தது. கீழே அவ்வளவு விசில் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அசையவே இல்லை. அந்தக் காட்சிக்கு அசையாமல் இருக்க வேண்டும் என்றால் ஒன்று தூங்கியிருக்க வேண்டும், இல்லை முன்பே தெரிந்திருக்க வேண்டும். கண் நன்றாகத் திறந்திருந்தது.

அதே வண்டி ஸ்டாண்டில் கேட்டே விட்டேன். “நீ யார்ட்டயாவது சொன்னியாடி?”

“சொன்னேனான்னு கேக்குறியா, தெரியுமான்னு கேக்குறியா?”

“ரெண்டுந்தான்.”

“தெரியும். சொல்லல.” அவள் குரல் இறங்கியது. “ரெண்டாவது வாரப் போஸ்டர் எங்க பிரஸ்ல ஓடுனது. டிசைன் நான்தான் பண்ணேன். டீக்கார அக்கா துப்பாக்கியோட நிக்கிற போஸ்டர்.”

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். படம் வருவதற்கு முன்பே ‘வெற்றிகரமான இரண்டாவது வாரம்’ என்று அச்சடித்துவிடுவார்களா என்பார்கள். சீசன் நேரத்தில் மெஷின் கிடைக்காது. பட்டாசுப் பெட்டியும் காலண்டரும் வரிசையில் நிற்கும். கிடைத்த நேரத்தில் முதல் வாரம், இரண்டாம் வாரம் இரண்டையும் சேர்த்தே ஓட்டிக் கட்டி வைத்துவிடுவார்கள். படம் ஓடினால் ஒட்டுவார்கள், ஓடாவிட்டால் எடைக்கு. இரண்டாவது வாரத்தில் ஊருக்கே கதை தெரிந்துவிடும், அதனால் போஸ்டரில் மறைக்க எதுவும் இருக்காது.

“அப்ப இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

“அதான் எனக்கும் பயமா இருக்கு. யார் சொல்லியிருந்தாலும் மொதல்ல என்னைத்தான கேப்பாங்க? உனக்கே என் மேலதான் சந்தேகம்.”

கடைசி வாக்கியம் குத்தியது. ஆனாலும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை என்பதுதான் உண்மை. அவள் தம்பியிடம் சொல்லியிருக்கலாம், அவன் நண்பர்களிடம் சொல்லியிருக்கலாம். பிரஸ்ஸில் வேறு யாராவது இருக்கலாம். எப்படியானாலும் கண்டுபிடிக்காவிட்டால் அவள் வேலைக்கு ஆபத்து என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. வீட்டுக்குப் போகாமல் மதியக் காட்சிக்கு நின்றோம்.

இந்த முறை நான் பால்கனி மாடியில் கேட்டேன், அவள் கீழே கேட்டாள். மாடியில் ஒருவர்கூட டீக்கார அக்காவைச் சொல்லவில்லை. மேனேஜர், கேஷியர், நகை மீட்க வந்தவர், ஒரு அம்மா மட்டும் “டைரக்டர் மேலதான் சந்தேகம்” என்றார். கீழே வந்தேன்.

“என்ன சொல்றாங்க?”

“முக்காவாசிப் பேரு டீக்காரிங்கிறாங்க,” என்றாள், அழுதுவிடுகிற முகத்தோடு.

ஒரே படம், ஒரே இடைவேளை. மாடிக்குத் தெரியாதது கீழே தெரிந்திருக்கிறது. மாடிப்படியில் நின்று வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் பார்த்தேன். மேலே எல்லோர் கையிலும் பாப்கார்ன் டப்பா. கீழே எல்லோர் கையிலும் சேவுப் பொட்டலம்.

கீழே கேன்டீனுக்கு நடந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய அண்ணாச்சி ஒருவர், பெரிய தாளைக் கிழித்து, கூம்பாகச் சுருட்டி, சாத்தூர்ச் சேவை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அச்சான பக்கம் வெளியே இருந்தது. ஒரு பொட்டலத்தில் பிளாஸ்க். ஒன்றில் துப்பாக்கி பிடித்த கை. ஒன்றில் அந்த அக்காவின் முகம் முழுசாக, சிவப்பு மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்து, இரண்டு வாய் இருப்பது மாதிரி.

“இந்தத் தாள் எங்க வாங்குனீக அண்ணாச்சி?”

“ஏன், தாளுக்கும் வரி கேக்க வந்திருக்கீகளா?”

“படத்தோட முடிவே இதுல இருக்கே!”

அவர் ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார். “அப்பிடியா? நான் படமே பாக்குறதில்லம்மா, சத்தம் மட்டுந்தான் கேக்குறேன். சேவு எப்பிடி இருக்குன்னு கேளுங்க, சொல்றேன்.”

“இத உள்பக்கமா திருப்பிச் சுருட்டக் கூடாதா?”

“மையி சேவுல ஒட்டும். நீங்க திம்பீகளா?”

காலையில் பார்த்த லோடு அண்ணன் மறுபடியும் வந்திருந்தார். இந்தத் தடவை மச்சானைக் கூட்டி வந்திருக்கிறாராம். நேராகப் போய்க் கேட்டேன்.

“ஆமா, பொட்டலத்துல பாத்தேன்,” என்றார். “யாரச் சந்தேகப்படுறீகன்னு கேட்டீக, சொன்னேன். எப்பிடித் தெரியும்னு கேக்கலையே?”

தோழி ஒரு பொட்டலத்தை வாங்கி, சேவைக் கையில் கொட்டிக்கொண்டு, தாளை விரித்துப் பார்த்தபடி நின்றாள். அவள் செய்த போஸ்டர்தான். கலர் சரியாக வரும்வரை ஓடுகிற முதல் தாள்களெல்லாம் வேஸ்ட். சினிமா வேஸ்ட்டைக் கட்டிங் மெஷினில் கொடுத்துத் துண்டு துண்டாக்கித்தான் வெளியே விட வேண்டும் என்பது அவர்கள் பிரஸ்ஸில் பழக்கம்.

“அன்னைக்குக் கட்டிங் மெஷின்ல பட்டாசுப் பெட்டி ஆர்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு,” என்றாள். “எடைக்கு எடுக்குற அண்ணன் வண்டிய நிறுத்திக்கிட்டு அவசரப்படுத்துனாக. வைக்க எடம் இல்ல. நான்தான் அப்பிடியே எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். எங்கயாவது அட்டை ஆலைக்குப் போகும்னு நெனச்சேன். தியேட்டருக்கே வருமா?”

அந்த நொடியில் எனக்கு வந்த முதல் எண்ணத்தை எழுதத்தான் வேண்டும். இப்படி ஒரு வீடியோ இனி எனக்கு அமையாது. பால்கனிக்குத் தெரியாத கும்பல் தலைவியைக் கீழ்த்தளம் சேவுப் பொட்டலத்தில் படித்திருக்கிறது. எல்லாம் என் போனில் இருக்கிறது. தலைப்புகூடத் தயார்.

அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். “போடணும்னா போடு. ஆனா படக் கம்பெனிக்காரங்க பாத்தா முதலாளியத்தான் கூப்புடுவாங்க. நான் திங்கக்கெழம அப்பா கடையில பருப்பு நிறுத்துக்கிட்டு இருப்பேன்.”

“நான் போடல. வேற எவனாவது பொட்டலத்தப் படம் பிடிச்சுப் போட்டா?”

“அதுக்குத்தான் நானே போய் முதலாளிட்டச் சொல்லப் போறேன்.”

“பைத்தியமாடி உனக்கு? நீயா போய் மாட்டுவியா? அவருக்கு ஒரு சாக்கு வேணும்னா இதுவே போதும்.”

“நீ எல்லாரையும் சந்தேகப்படு. நான் சொல்லிட்டு வந்துர்றேன்.”

தியேட்டரிலிருந்து நேரே போய் அவள் அச்சகத்துக்குள் நுழைந்தாள். நான் எதிரே டீக்கடையில் நின்றேன். பட்டாசுப் பெட்டித் தாள் ஏற்றிய லோடு ஆட்டோக்கள் கேட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒவ்வொரு தடவை கேட் திறக்கும்போதும் அவள் பையோடு வெளியே வந்துவிடுவாளோ என்று பார்த்தேன். லீவு நாளிலும் டம்ளரும் நோட்டும் போட்ட அவளுடைய பை அவள் மேசையில்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வந்தால் முடிந்தது.

கையில் எதுவும் இல்லாமல் வந்தாள். பின்னாலேயே முதலாளியும் வந்தார். நேராக என்னிடம் வந்து, “நீதான் அந்தக் கேள்வி கேக்குற பிள்ளையா? காட்டு,” என்றார்.

போனைக் கொடுத்தேன். நின்றபடியே முழுதையும் பார்த்தார். லோடு அண்ணன் “செத்தா எந்திரிக்க மாட்டாகளா” என்ற இடத்தில் மட்டும் மூக்கால் சிரித்தார்.

“எங்க பிரஸ் பேரு எங்கயும் வரலையே?”

“இல்ல சார்.”

“பொட்டலம் வருது. வரக் கூடாது. டீக்காரின்னு சொல்ற ஆளு ஒருத்தரும் வரக் கூடாது.” பிறகு அவளிடம் திரும்பினார். “அந்தத் தியேட்டர்லயும் எடைக் கடையிலயும் மிச்சம் இருக்கிற தாள நீயே போய் வாங்கிட்டு வா. அவங்க கேக்குறத உன் சம்பளத்துல பிடிச்சுக்கிருவேன். இனிமே சினிமா வேஸ்ட் துண்டு போடுறப்ப நீ மெஷின் பக்கத்துல நிக்கணும். இந்த வீடியோ வேலையெல்லாம் இன்னையோட சரி. இங்க சீட்டுல உக்காரணும்னா அங்க மைக் பிடிக்கக் கூடாது.”

“சரிங்க சார்,” என்றாள் அவள், உடனே. யோசிக்கவே இல்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது.

முதலாளி உள்ளே போனதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேலை இருக்குடி,” என்றாள்.

இருக்கிறது. எனக்கு மட்டும் அவர் மேல் சந்தேகம் தீரவில்லை. நல்ல மனதால் விட்டாரா, சீசன் நேரத்தில் டிசைனர் கிடைக்க மாட்டார்கள் என்று விட்டாரா? தீபாவளி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்கிறாரோ? அவளிடம் சொன்னேன். “தீபாவளி வரைக்குமாவது இருக்குல்ல,” என்றாள். அன்று சாயங்காலமே இருவரும் போய் மிச்சத் தாளை வாங்கி வந்தோம். கேன்டீன் அண்ணாச்சி பதிலுக்கு வெள்ளைத் தாள் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார்.

வீடியோவைப் போட்டேன். மேனேஜர் என்றவர்கள், இன்ஸ்பெக்டர் என்றவர்கள், டைரக்டர் மேல் சந்தேகம் என்ற அம்மா. எல்லோருமே தப்பாகச் சொன்னவர்கள். சரியாகச் சொன்ன ஒருவரும் இல்லை. நிறையப் பேர் பார்த்தார்கள். கீழே ஒருவர் கருத்து எழுதியிருந்தார்: “எல்லாருமே தப்பா சொல்றாங்களா? இது செட்டப் மாதிரி இருக்கே.” பதில் எழுதவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அவள் இப்போது வருவதில்லை. வரக்கூடாது என்பது மட்டும் காரணம் இல்லை. அவள் வந்தால் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன், அவள் பிரஸ்ஸில் ஓடிய படமா இல்லையா என்று அதிலேயே படித்துவிடுவேன் என்று இருவருக்கும் தெரியும். “என்ன போஸ்டர் ஓடுது?” என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். ஆனாலும் அவளாகவே “முருகன் காலண்டர்” என்று மெசேஜ் அனுப்புகிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாத்தூரில் ஒரு கடத்தல் படம் வருகிறது. இந்தத் தடவை இடைவேளைக்குக் காத்திருக்கப் போவதில்லை. டிக்கெட் வரிசையில், யாரும் உள்ளே போவதற்கு முன்னால், கேன்டீன் பக்கம் ஒரு கால்கூட வைப்பதற்கு முன்னால் கேட்கப் போகிறேன். டிரெய்லரை மட்டும் வைத்து யார் மேல் சந்தேகம் என்று. சரியாகச் சொல்கிறவரிடம் உடனே இரண்டாவது கேள்வி: எப்படித் தெரியும்? ஒரு கையில் போன், ஒரு கையில் மைக். தனியாக, ஆடாமல் பிடிக்க வருமா என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருக்கிறேன். கை கொஞ்சம் ஆடுகிறது.